மத்தி வாயில் இருந்த பேன்

அந்த அம்மா எவர்சில்வர் போசியின் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். உள்ளே ஒரு மத்தி மீனின் தலை கிடந்தது. வாய் பிளந்திருந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த பூச்சி ஒன்று குந்தியிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். இரண்டு கறுப்புக் கண்கள், பக்கவாட்டில் வரிசையாக வளைந்த கால்கள்.

“நேத்து நீ கொடுத்த மீனு அம்மிணி. இதையத் தின்னுதான் என்ற புள்ள ஆஸ்பத்திரிக்குப் போனா,” என்றார்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் ஐந்து வருடமாக என்னிடம் மீன் வாங்குகிறவர். சூலூரைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் தோட்டத்து ஊர்களில் ஒன்று அவருடையது. தென்னந்தோப்பும் விசைத்தறியும் உள்ள குடும்பம். மீன் சமைக்க அவர்களுக்குத் தனிச் சட்டி, வீட்டுக்கு வெளியே தனி அடுப்பு. நான் முன்வாசலுக்குப் போவதில்லை. மொபெட்டைச் சுற்றிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நிறுத்துவேன். அங்கேதான் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் இருந்தன. அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து மீனின் செதிலை நீக்கி, தலையைக் கிள்ளி, குடலை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடியபிறகு எட்டு வருடமாக இதுதான் என் தொழில்.

அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். மீன் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். அதற்காகத்தான் முந்தைய நாள் ஒரு கிலோ மத்தி வாங்கினார். வழக்கமாக நான்தான் சுத்தம் செய்து கொடுப்பேன். அன்றைக்கு எனக்கு அவசரம். தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சட்டியில் வாங்கிக்கொண்டார். மத்தியானம் மகளுக்கு வறுத்துப் போட்டிருக்கிறார். அவர் விரதம், வீட்டுக்காரர் தோப்பிலிருந்து சாப்பிட வரவில்லை, சாப்பிட்டது மகள் மட்டும்தான். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பெண்ணுக்கு முகமும் கழுத்தும் சிவந்து தடித்துவிட்டன. உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி, இரண்டு முறை வாந்தி. காரில் போட்டுச் சூலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகு, பொழுதோடு சரியாகிவிட்டது. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அம்மா நேராகப் பொடக்காலிக்குப் போய், பூனைக்குப் போட்டிருந்த தலைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறார். அப்போது கண்ணில் பட்டதுதான் இந்தத் தலை.

எனக்கு அந்தப் பூச்சியைத் தெரியும். தெரிந்திருந்ததுதான் என் மனதைக் குத்தியது. மீன் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மீன் பேன் என்போம். மத்தியின் வாயிலோ செவுளிலோ இருக்கும். வாங்குகிறவர்கள் பார்ப்பதற்குள் கட்டைவிரல் நகத்தால் சுண்டிவிட வேண்டும். எட்டு வருடமாக நான் சுண்டிக்கொண்டுதான் இருந்தேன். சில மீனில் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒன்று தொங்கும், இழுத்தால் அதன் தலை சதைக்குள்ளேயே மாட்டிக்கொள்ள, வால் மட்டும் அறுந்து வரும். அதையும் அப்படித்தான் பிய்த்துப் போட்டுவிடுவேன். அவையெல்லாம் என்ன, ஆளுக்கு என்ன செய்யும் என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

“இந்தத் தலைய எனக்குக் கொடுங்க அம்மா,” என்றேன். “இது என்னன்னு தெரிஞ்சிட்டு வந்து சொல்றனுங்க. அதுவரைக்கும் நான் யாருக்கும் மீன் விக்கிறதில்ல.”

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. போசியை மட்டும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் போன் செய்து கூப்பிட்டதால், கடைசியாகப் போகிற அந்த ஊருக்கு அன்று முன்னதாகவே வந்திருந்தேன், பெட்டியில் இன்னும் முக்கால்வாசி மீன் இருந்தது. விட்டுவந்த ஊர்களில் வீடுகள் காத்திருந்தன. நான் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, வாழைமரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்றார். ஊரில் எல்லோரும் அந்தப் பேனோடுதான் மீன் தின்கிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று, இனிமேல் நன்றாகப் பார்த்துச் சுண்டிவிடு, அவ்வளவுதானே என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைக்குப் பால் கொடுக்கிற அந்தப் பெண்ணின் சிவந்த முகம் என் மனதிலிருந்து போகவில்லை. நான் அவளை நேரில் பார்க்கக்கூட இல்லை, இருந்தும் போகவில்லை.

மறுநாள் விடிகாலையில் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போனேன், வாங்குவதற்கு அல்ல. எனக்குப் பெட்டி கொடுக்கும் மொத்த வியாபாரி பாலக்காட்டுப் பக்கத்து ஆள். தலையைக் காட்டியதும் சிரித்தார்.

“சேச்சி, இது கடல்ல இருக்கும்போதே மீனுக்குள்ள ஏறுறது. ஒண்ணும் செய்யாது. பெரிய மீன் பிடிக்கத் தூண்டில்ல இந்த மத்தியைத்தான் இரையாக் கோர்ப்பாங்க. பேன் இருக்கிற மத்தியைப் பெரிய மீன் வேண்டாம்னா சொல்லுது?”

மீனுக்குச் சரி, ஆளை ஒன்றும் செய்யாது என்று எப்படித் தெரியும் என்றேன். அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமைகளில் ஒரு காலேஜ் டீச்சர் வந்து, கழித்துப்போட்ட மீன் தலைகளைப் பொறுக்கிக்கொண்டு போவாராம். கூலிக்காரர்கள் அவருக்குப் பேன் டீச்சர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைக்கு இன்னொரு நாள் இருந்தது. தலையை ஐஸில் பொதிந்து வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வாடிக்கை வீடுகளிலிருந்து போன் வந்தபடியே இருந்தது. உடம்பு சரியில்லை என்று முதல் இரண்டு பேரிடம் பொய் சொன்னேன். மூன்றாவது போனில் அது எனக்கே பிடிக்கவில்லை. மீனில் ஒரு சந்தேகம் இருக்கிறது, தீர்ந்ததும் வருகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அந்த வீட்டுக்காரி என்ன சந்தேகம் என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் நான் போகும் ஒன்பது ஊருக்கும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மார்க்கெட்டில் பார்த்த டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். கையுறை போட்டுக்கொண்டு குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். நான் போசியைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, என் பின்னாலேயே வண்டியில் வாங்க அக்கா என்றார்.

காலேஜ் என்ற இடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நீளமான அறை. சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில் மீனும் பாம்பும் ஊறிக்கொண்டிருந்தன. ஸ்பிரிட் வாடை. அவர் எனக்கு உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டுவிட்டு, மெல்லிய இடுக்கியால் பூச்சியைத் தலையிலிருந்து எடுத்தார். சுலபமாக வரவில்லை, அத்தனை கால்களும் கொக்கி மாதிரி மாட்டியிருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார்.

முதலில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அது கண்ணுக்குப் பிடிபட்டது. பூச்சியின் வயிற்றடியில் பை போல மெல்லிய தோல். அதற்குள் அரிசி நொய் போலப் பொடிப்பொடியாக நிறைய. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். எல்லாம் குஞ்சுகளின் கண்கள் என்றார் டீச்சர்.

இது பெண் பேன். செவுளுக்குள் தேடி, கடுகைவிடச் சற்றுப் பெரிய இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார், அது ஆண். இந்த இனம் பிறக்கும்போது எல்லாமே ஆண்தானாம். மீனுக்குள் இடம் பிடித்து வளர்ந்தபிறகு பெண்ணாக மாறுமாம். மீனின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். மீனைப் பிடித்து வெளியே போட்டால் இதற்கும் பிழைப்பு முடிந்தது. ஆளின் உடம்பில் இதனால் ஒட்டவும் முடியாது, வாழவும் முடியாது. தெரியாமல் வறுத்துத் தின்றுவிட்டால்கூட இறாலைத் தின்றது போலத்தான். நூல் மாதிரித் தொங்குவதும் இதே கதைதான். வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் புழு மட்டும் வேறு, அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வெந்தால் பயமில்லை. இவ்வளவையும் அவர் நிதானமாகச் சொன்னார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் நான் கொடுத்த மீனால் ஒன்றும் ஆகவில்லைதானே என்று கேட்டேன்.

அவர் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தது என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்? முகம் சிவந்ததா? அரிப்பா? சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்ததாமா? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

“அக்கா, அன்னிக்குப் பெட்டியில ஐஸ் இருந்துச்சா?” என்று கேட்டார்.

அன்றைக்குப் பாதி வழியில் வண்டி பஞ்சர். கடைக்காரர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பங்குனி வெயிலில் பெட்டி ரோட்டோரத்தில் நின்றது. கடைசி ஊரான அவர்கள் வீட்டுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. ஐஸ் முழுக்க உருகித் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. வழியில் ஒரு போர் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து மீன் மேல் ஊற்றி மினுமினுப்பாக்கிக்கொண்டுதான் போனேன். சுத்தம் செய்யாமல் அவசரமாகக் கொடுத்துவிட்டு வந்ததும் அதனால்தான். குடலைக் கீறினால் வாடை தெரிந்துவிடும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். மத்தி மாதிரி மீன் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அதன் சதையில் ஒரு விதமான விஷம் ஊறும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது, தின்றால் இப்படித்தான் முகம் சிவந்து அரிக்கும் என்றார். நிச்சயமாக அதுதான் என்று சோதித்துப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் கேட்டதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றார். பேனால் வந்ததல்ல என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அவருக்குச் சந்தோஷம். இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா, பிரச்சினை தீர்ந்தது என்றார். ஐஸ் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. அதை எதற்கு அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டது பூச்சியைப் பற்றித்தானே என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். தாளில் இருப்பது உண்மைதான். ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அதை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் செய்ததை அந்த உண்மையே மறைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போசியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொடக்காலியில் அந்த அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போசியைக் கொடுத்தேன். தாளையும் கொடுத்தேன். படித்தார்.

“அப்ப இந்தப் பூச்சியால இல்லியா?”

“இல்லீங்க. ஆனா என்னாலதாங்க,” என்றேன். “அன்னிக்கு வண்டி பஞ்சராயிப்போச்சு. ஐஸ் பூராக் கரைஞ்சுபோச்சு. மீன் கெட்டிருக்கும்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க. தெரிஞ்சேதான் கொடுத்துப்போட்டேன்.”

அவர் கையில் ஈரத் துணி அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. நான் அவளிடம், சாப்பிடும்போது நாக்கில் சுருக்கென்று இருந்ததா கண்ணு என்று கேட்டேன்.

“ஆமாங்க அக்கா. அம்மா மொளகு அதிகமாப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்,” என்றாள்.

“நான் மொளகே போடலியே,” என்றார் அம்மா.

பிறகு அவர் துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பூச்சின்னு சொல்லியிருந்தா நானும் பூச்சின்னே நெனச்சிட்டு இருந்திருப்பேன். எதுக்கு வந்து இதையச் சொல்றே?”

“உங்களுக்குத் தெரியோணுமுங்க.”

“செரி, தெரிஞ்சுபோச்சு. இனி இந்த வீதியில மீனுன்னு கூவாத.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று வண்டியில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது, இந்த ஊரையே விட்டுவிடுவது என்பதுதான் அது. அங்கே நின்றபோது அந்தப் பதில் வரவில்லை.

“உங்க ஊட்டு முன்னால கூவ மாட்டனுங்க. ஆனா வீதிக்கு வருவனுங்க. இனி என்ற பெட்டியில ஐஸ் இல்லாம ஒரு மீனு இருக்காது. யாரு வேணும்னாலும் தொட்டுப் பாக்கட்டும்,” என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாளே தொழிலை மாற்றி அமைத்தேன். ஒன்பது ஊர் போய்க்கொண்டிருந்தவள் ஐந்து ஊராகக் குறைத்தேன். தெர்மாகோல் பெட்டியைச் சுற்றிச் சாக்கை நனைத்துக் கட்டினேன். மார்க்கெட்டில் போடும் ஐஸ் போதாது என்று சூலூரில் நின்று இன்னொரு தடவை உடைத்து நிரப்பினேன். பத்தரை மணிக்கு மேல் மீதி மீன் இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவது. விட்டுப்போன நான்கு ஊர்க்காரர்கள் திட்டினார்கள். பழகியவர்கள், வருத்தமாகத்தான் இருந்தது.

பேனைச் சுண்டுவதையும் நிறுத்தினேன். இது டீச்சர் சொல்லிச் செய்ததல்ல, நானே முடிவு செய்தது. சுத்தம் செய்யும்போது வீட்டுக்காரிகள் பக்கத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு மத்தியின் வாயையும் செவுளையும் அவர்கள் முன்னாலேயே பிளந்து பார்ப்பேன். பேன் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். இது மீனோட பேனுங்க, கடல்லயே ஏறுனது, உங்களை ஒண்ணும் பண்ணாது, நீங்க பார்க்க வேண்டியது கண்ணும் செவுளும் ஐஸும்தான் என்பேன். முதல் வாரத்தில் மூன்று வீடுகள் நின்றுவிட்டன. ஒரு வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மீனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், இத்தனை நாளும் இதை எங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தாயா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். இருந்தும் அவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். அந்த அம்மாவின் ஊரில் பஞ்சாயத்துத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி அக்கம்பக்கத்தவர்களைக் கூப்பிட்டு, ஆணையும் பெண்ணையும் காட்டச் சொன்னார். இது ஆணாப் பிறந்து பொண்ணா மாறுதாமா என்று அவர்கள் பேசிச் சிரித்ததில் எனக்கு அன்றைக்கு அரை மணி நேரம் தாமதம்.

எடுக்கிற பேன்களை இப்போது டீச்சரின் ஆராய்ச்சிக்காக அவர் கொடுத்த ஸ்பிரிட் குப்பியில் போட்டு வைக்கிறேன். எந்தத் துறைமுகத்துப் பெட்டி என்று வியாபாரியிடம் கேட்டு ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போட்டுவிட வேண்டும். மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

அந்த அம்மாவின் வீட்டு முன்னால் நான் கூவுவதில்லை. வண்டியை மெதுவாக்காமல் கடந்துவிடுவேன். ஆனியில் மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். புரட்டாசி முடிந்து மறுபடி வியாபாரம் தொடங்கிய முதல் வாரம், தொட்டி வீட்டுக்காரிக்கு மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து நின்றார். பெட்டியின் மூடியைத் தானே தூக்கி, கையை மணிக்கட்டு வரை ஐஸுக்குள் விட்டார். விட்டபடியே நின்றார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அரைக் கிலோ போடச் சொன்னார், சுத்தம் செய்து தரச் சொன்னார், நான் ஒவ்வொரு மீனின் வாயையும் பிளந்து காட்டும்வரை நகரவில்லை. தனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் வாங்குகிறார். மகள் வந்திருக்கும் நாட்களில் வாங்குவதே இல்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு நாள் லாரி தாமதமாக வந்தது. வியாபாரி திறந்த பெட்டியில் ஐஸ் கஞ்சியாகக் கிடந்தது. மீனின் கண் குழிந்திருந்தது. விலை குறைத்துத் தருவதாகவும், மேலே புது ஐஸ் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். வேண்டாம் என்று காலிப் பெட்டியோடு திரும்பி, வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன். அந்த அம்மாவுக்கும் செய்தேன்.

இன்னைக்கு மீன் இல்லீங்க என்றேன். ஏன் என்று கேட்டார். ஐஸ் சரியில்லீங்க என்றேன்.

“செரி, அப்ப நான் பருப்பு வேக வெக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.